முதலில் பவர் சப்ளையைக் காட்டு, பிறகு கார்டைக் கேள்

போன மாசம் சாவகச்சேரியில இருந்து ஒரு தம்பி மெசேஜ் போட்டிருந்தான். "அண்ணை, 80 ஆயிரத்துக்குள்ள கேம் விளையாட எந்த கிராபிக்ஸ் கார்ட் நல்லம்?"

இரண்டு கிழமைக்கு ஒருக்காவாவது இப்படி ஒரு கேள்வி எனக்கு வரும். நான் திருப்பி அனுப்புகிற பதில் எப்போதும் ஒன்றுதான். "கொம்பியூட்டர்ப் பெட்டியைத் திற. உள்ள பவர் சப்ளையில ஒட்டியிருக்கிற லேபிளை வடிவாப் படம் எடுத்து அனுப்பு." இதோடு பாதிப் பேர் காணாமல் போய்விடுவார்கள். கார்டின் பெயரைக் கேட்டால் இந்தாள் கரண்ட் கதை கதைக்குது எண்டு நினைப்பார்கள் போல.

இவன் அனுப்பினான். டெல் ஒப்ரிப்ளெக்ஸ் 3020, சின்னப் பெட்டி. பவர் சப்ளை 255 வாட்ஸ். நான்காம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம். ஏ.எல் எழுதிப்போட்டு எட்டு மாசம் ஒரு கடையில நின்று சேர்த்த காசு அந்த 80 ஆயிரம். "யூரியூப்பில எல்லாரும் ஆர்எக்ஸ் 6600 தான் பெஸ்ட் எண்டு சொல்லினம்" என்று எழுதியிருந்தான். அவர்கள் சொல்வதில் பிழை இல்லை. ஆனால் இவன் அந்தக் காசைக் கொண்டுபோய் ஒரு 6600 வாங்கியிருந்தால், அந்தக் கார்ட் பெட்டிக்குள்ளேயே போயிராது. எப்படியோ வெட்டிக் கொத்திப் போட்டாலும், அதற்குக் கரண்ட் கொடுக்கிற வயர் அந்தப் பவர் சப்ளையில் இல்லை.

எட்டு மாசச் சம்பளம் மேசையில் அழகுக்கு இருந்திருக்கும்.

இதுதான் எனக்கு இந்த விலைக் குறைந்த கார்ட் ஒப்பீடுகளோடு இருக்கிற மனத்தாங்கல். அந்த வீடியோக்களில் பத்துக் கார்டை வரிசையாக வைத்து ஒரு டொலருக்கு எத்தனை பிரேம் என்று நீளநீளமான கோடு போட்டுக் காட்டுவார்கள். நேர்மையாகத்தான் செய்கிறார்கள். ஆனால் சோதிக்கிற மெசினில் இருப்பது சந்தையிலேயே வேகமான புரொசசர். அப்படித்தான் சோதிக்கவும் வேணும், இல்லாவிட்டால் கார்டின் வித்தியாசம் தெரியாது. யாழ்ப்பாணத்தில் ஒரு பெடியனின் முதல் கேமிங் பிசி என்பது பெரும்பாலும் வெளிநாட்டு அலுவலகம் ஒன்று கழித்துவிட்ட டெல் அல்லது எச்பி. நல்ல மெசின்கள், பத்து வருசம் ஓடியும் சாகாதவை. ஆனால் எக்செல் திறக்கக் கட்டியவை. அதற்குள் எது போகும் என்ற கேள்விக்குப் பிறகுதான் எது நல்லது என்ற கேள்வி வரும். அந்த வீடியோக்காரருக்கு முதல் கேள்வியே கிடையாது.

அடுத்தது விலை. ஆர்ரிஎக்ஸ் 3050 கார்ட் 2022 ஜனவரியில் வந்தது. அறிவித்த விலை 249 டொலர். அந்தநேரம் டொலர் 200 ரூபா. வெறும் டொலர்க் கணக்கில் 49,800 ரூபா. (அந்த விலைக்கு உலகத்தில் எங்கேயும் கிடைக்கவில்லை, அது மைனிங் காலம்; கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கோ.) மே மாசம் டொலர் 360. அதே கார்ட், அதே பெட்டி, அதே 249 டொலர், இப்போது 89,640 ரூபா. நாலு மாசத்தில் கார்டில் ஒரு ட்ரான்சிஸ்டரும் கூடவில்லை.

அதற்குப் பிறகு வற் வரி. 2022 நடுப்பகுதிவரை 8 வீதம், பிறகு 12, அதே வருசம் செப்ரெம்பரில் 15, 2024 ஜனவரி 1 இலிருந்து 18. இன்றைக்கு 249 டொலருக்கு அறிவித்த புதுக் கார்ட் ஆர்ரிஎக்ஸ் 5050. டொலரை 300 என்று வையுங்கோ (உண்மையில் அதைவிடக் கொஞ்சம் கூட). 74,700. அதில் வற் போட்டால் 88,146. கப்பல், இறக்குமதியாளர், கொழும்புக் கடை, எங்கட கடை, இவர்களில் ஒருவரும் இன்னும் தங்கட பங்கை எடுக்கவில்லை. அமெரிக்காவில் அது சின்னக் கார்ட், பள்ளிக்கூடப் பெடியன் கோடை விடுமுறையில் வேலை செய்து வாங்குவான். அதையே இங்கே "பட்ஜெட் கார்ட்" என்று மொழிபெயர்க்க முடியாது. எனவே எங்கட ஊரில் விலைக் குறைந்த கார்ட் என்றால், பத்தில் ஒன்பது தடவை அது ஆரோ பாவித்த கார்ட்தான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் பாவித்த பொருள் வாங்குவதற்கு வேறு மூளை வேணும்.

அந்த மூளை எனக்கு 2019 இல் இருக்கவில்லை.

ஒரு ஜீரிஎக்ஸ் 1050 ரிஐ வாங்கினேன். கடையின் பெயர் எழுதப்போவதில்லை, இப்போது அந்தக் கடையும் இல்லை. புதுப் பெட்டி, சுற்றி பிளாஸ்ரிக், விலை மற்ற இடங்களைவிட ஆறாயிரம் குறைவு. எனக்கு அந்த ஆறாயிரம்தான் கண்ணில் பட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டால் விண்டோஸ் "ஜீரிஎக்ஸ் 1050 ரிஐ" என்றுதான் காட்டியது. ஜீரிஏ 5 திறந்தால் படம் காட்டுகிற புரொஜெக்டர் மாதிரி ஒவ்வொரு படமாக நகர்ந்தது. ட்ரைவர் பழசோ என்று என்விடியாவின் தளத்தில் புதுசை இறக்கிப் போட்டேன். நீலத் திரை. திரும்பப் போட்டேன். திரும்ப நீலத் திரை. மூன்று நாள் விண்டோஸைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் ஒரு நண்பன் ஜிபியு-செற் என்ற சின்ன மென்பொருளைப் போட்டுப் பார்த்தான். கார்டின் பெயருக்கு முன்னால் போலி என்று அடைப்புக்குள் எழுதிக் காட்டியது. 2018 இலிருந்தே அந்த மென்பொருள் இதைச் செய்கிறது. அவ்வளவு போலி உலகம் முழுக்கச் சுற்றியிருக்கிறது. இந்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்றால், 2010, 2011 காலத்து ஜீரிஎஸ் 450, ஜீரிஎக்ஸ் 550 ரிஐ போன்ற பழைய சிப்பை எடுத்து, அதன் பயோஸில் பெயரை மாற்றி எழுதி, புது மூடியும் விசிறியும் போட்டு விற்பார்கள். உண்மையான 1050 ரிஐ-க்குள் 768 கோர் இருக்கும். அந்தப் பழைய சிப்பில் 192. கார்ட் தன் பெயரைப் பற்றிப் பொய் சொல்லும், விண்டோஸ் அதை அப்படியே நம்பும். புது ட்ரைவர் மட்டும் நம்பாது.

திருப்பிக் கொடுக்கப் போனேன். "நீர் ஏதோ மென்பொருள் போட்டுப் பழுதாக்கிப் போட்டீர்" என்று கடைக்காரர் சொன்னார். நான் சின்னப் பெடியன், அப்பா கூட வரவில்லை. வீட்டில் உண்மையைச் சொல்லவும் இல்லை. "கார்ட் நல்லா ஓடுதே?" என்று அப்பா கேட்டபோதெல்லாம் "ஓம்" என்று சொன்னதுதான் இன்றைக்கும் சங்கடமாக இருக்கிறது.

பின்னால் ஒரு விசயம் விளங்கியது. மென்பொருள் எதுவும் தேவையில்லை, கார்டின் பின்பக்கத்தைப் பார்த்தாலே போதும். என்விடியா 1000 தொடரிலிருந்து பழைய அனலொக் இணைப்பைக் கைவிட்டுவிட்டது. என் கார்டில் நீல நிற விஜிஏ துளை ஒன்று இருந்தது. பழைய மொனிற்றருக்கு வசதி என்று சந்தோசப்பட்டேன் வேற!

சரி, சாவகச்சேரித் தம்பிக்கு வருவோம்.

255 வாட்ஸ், கூடுதல் வயர் இல்லை, சின்னப் பெட்டி. இந்த நிலையில் இருப்பவர்களுக்கு மதர்போர்டின் ஸ்லொட்டிலிருந்தே முழுக் கரண்டையும் எடுக்கிற கார்ட்தான் சரி. அந்த ஸ்லொட் கொடுக்கக்கூடியது 75 வாட்ஸ். அதற்குள் அடங்குபவற்றில் கவனிக்கவேண்டியவை நாலு: 2016 இன் 1050 ரிஐ, 2019 இன் 1650 (இதில் தனி வயர் கேட்கிற மொடல்களும் உண்டு, பார்த்து வாங்கோணும்), 2022 இன் ஆர்எக்ஸ் 6400, 2024 இன் ஆர்ரிஎக்ஸ் 3050 6 ஜிபி. சின்னப் பெட்டி என்றால் அதற்கேற்ற அரை உயரக் கார்டாகவும் இருக்கவேணும். அது இன்னும் அரிது, அதனாலேயே விலையும் கூட.

இதில் 1050 ரிஐ-யை இனி ஒருவரும் காசு கொடுத்து வாங்கவேண்டாம் என்பது என் கருத்து. உண்மையானதாக இருந்தாலும். அந்தத் தலைமுறைக்குப் புது கேம்களுக்கான ட்ரைவர் விடுவதை என்விடியா 2025 ஒக்ரோபரோடு நிறுத்திவிட்டது. 2028 வரை பாதுகாப்புத் திருத்தம் மட்டும் வரும். ஆரும் சும்மா தந்தால் வாங்கிப் போடுங்கோ.

ஆர்எக்ஸ் 6400 பார்க்க வடிவான தெரிவு. 53 வாட்ஸ்தான் குடிக்கும். ஆனால் அதற்குள் ஒரு கள்ளம் இருக்கிறது. அதைச் சொல்ல என் நண்பனின் கதையைச் சொல்லவேணும்.

கோப்பாயில் இருக்கிற அவனுக்கு 2023 இல் கனடாவிலிருந்து மாமா வந்தார். என்ன வேணும் என்று கேட்டதற்கு இவன் "கிராபிக்ஸ் கார்ட்" என்று மட்டும் சொல்லியிருக்கிறான். மாமா கடையில் போய் 200 டொலரளவில் ஆகப் புதுசு எது என்று கேட்டு வாங்கிவந்தது ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்ரி. 6400 இன் அண்ணன். பெட்டியைத் திறந்த அன்று நாங்கள் நாலு பேர் கூடி நின்று பார்த்தோம். போட்டால், அவன் முதல் வைத்திருந்த பழைய பாவிச்ச 1650-ஐ விடச் சில கேம்களில் மெதுவாக ஓடியது.

காரணம் கார்டுக்கும் மதர்போர்டுக்கும் நடுவில் இருக்கிற பாதை. நல்ல கார்டுகள் 16 வழி, நடுத்தரக் கார்டுகள் 8 வழி வைத்திருக்கும். 6400-உம் 6500 எக்ஸ்ரியும் 4 வழிதான். புதிய மதர்போர்டில் ஒவ்வொரு வழியும் அகலமானது, நாலு வழியே காணும். அவனுடையது எச்81 மதர்போர்ட். அதில் ஸ்லொட் இரண்டாம் தலைமுறை. ஏ9 வீதியில் வந்த லொறியைக் குச்சொழுங்கைக்குள் விட்ட மாதிரி. 4 ஜிபி நினைவகம் நிரம்பினதும் மிச்சத்தை ராமிலிருந்து அந்த ஒழுங்கையால்தான் இழுக்கவேணும், கேம் விக்கி விக்கி நிற்கும். அதைவிடப் பெரிய அநியாயம், வீடியோவைப் பதிவு செய்கிற என்கோடரையே இந்த இரண்டு கார்டிலும் ஏஎம்டி வைக்கவில்லை. அவனோ வலரன்ட் விளையாடி நேரலை செய்யத்தான் கார்ட் கேட்டவன். மாமாவுக்கு இன்றுவரை அது தெரியாது. ஆரும் சொல்லவும் மாட்டம்.

கனடா மாமாக்கள், லண்டன் சித்திகள் பற்றி ஒன்று சொல்லவேணும். சூட்கேசில் வருகிற கார்ட்தான் பலபேருக்குக் கிடைக்கிற ஒரே புதுக் கார்ட். அதை நக்கல் செய்ய எனக்கு உரிமை இல்லை, என்ர முதல் மொனிற்றரும் அப்படி வந்ததுதான். ஆனால் கேட்கும்போது மொடலை முழுதாக, எத்தனை ஜிபி என்பது உட்பட எழுதிக் கொடுங்கோ. இலக்கத்தை அப்படியே கடையில் காட்டச் சொல்லுங்கோ. அந்த வாரன்ரி அங்கேதான் செல்லும், பழுதானால் பார்சல் செலவே கார்டின் காவாசியைத் தின்றுவிடும் என்பதையும் கணக்கில் வைத்திருங்கோ. கொழும்பில் யுனிட்டி பிளாசாவில் வாங்கினாலும் 400 கிலோமீற்றர் இருக்கிறது. இங்கே உள்ளூர்க் கடை இரண்டாயிரம், மூவாயிரம் கூடச் சொன்னால் அதைப் பகல்கொள்ளை என்று சொல்லமுதல், பழுதான கார்டைச் சைக்கிளில் கொண்டுபோய் மேசையில் வைத்துக் கதைக்கலாம் என்பதற்கு என்ன விலை என்று யோசியுங்கோ. (என் 2019 கதைக்குப் பிறகும் இதைத்தான் சொல்கிறேன். எல்லாக் கடையும் அப்படி இல்லை.)

தம்பியின் பெட்டிக்குப் பொருந்துகிற ஒரே உருப்படியான கார்ட் ஆர்ரிஎக்ஸ் 3050 6 ஜிபியின் அரை உயர மொடல். 70 வாட்ஸ். ஆனால் பெயரில் ஏமாறவேண்டாம். 2022 இல் வந்த 3050 8 ஜிபியில் 2560 கோர், 128 பிற் பாதை. இதில் 2304 கோர், 96 பிற் பாதை. நினைவகம் மட்டும் குறைந்த அதே கார்ட் என்று பெட்டியைப் பார்ப்பவர் நினைப்பார். கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு வேகம் போய்விட்டது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தது கடைக்காரர் ஒருவரின் கள்ளம் இல்லை, கம்பனியே செய்தது. போலிக் கார்ட் செய்கிறவனுக்கு என்ன பெயர் சொல்கிறோமோ, இதற்கு அதில் பாதியாவது சொல்லவேணும்.

அதே குடும்பத்தில் இன்னொரு பெயர்க் கள்ளம் ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி. 2017 இல் வந்த உண்மையான 580 இல் 2304 கோர் இருக்கும். 2018 இல் சீனச் சந்தைக்கென்று விட்ட இந்த 2048எஸ்பி உண்மையில் ஒரு 570. இன்றைக்கு "புத்தம் புது ஆர்எக்ஸ் 580 8 ஜிபி" என்று பெயர் தெரியாத பிராண்டில் குறைந்த விலைக்கு விளம்பரத்தில் பார்ப்பவை பெரும்பாலும் இதுதான். அதுவும் மைனிங் செய்து களைத்த சிப்பைக் கழற்றிப் புதுப் பலகையில் ஒட்டியதாகவும் இருக்கலாம்.

மைனிங் கார்ட் என்றால் எங்கட ஆக்கள் பேயைக் கண்ட மாதிரி ஓடுவார்கள். நான் அவ்வளவு பயப்படமாட்டேன். 2022 செப்ரெம்பர் 15 அன்று எதேரியம் தன் முறையை மாற்றியது. அதோடு உலகம் முழுக்க இலட்சக்கணக்கான கார்ட் ஒரே நாளில் வேலை இழந்தது. மற்ற நாட்டுப் பெடியங்களுக்கு அது தீபாவளி. எங்களுக்கு அந்த நேரம் பெற்றோல் வரிசை, கிழமைக்கொரு விலை, ஓகஸ்ற்றில் போட்ட இறக்குமதித் தடைப் பட்டியல். மார்ச் கடைசியில் நாளுக்குப் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். கார்ட் மலிந்த காலத்தில் எங்களிடம் டொலரும் இல்லை, கரண்டும் இல்லை. அம்மம்மாவிடம் இதைச் சொன்னால், தொண்ணூறுகளில் சைக்கிளைக் கவிட்டு வைத்து மிதித்து டைனமோவில் பாட்டுக் கேட்ட கதையைத் தொடங்கிவிடுவா. ஒப்பிட முடியாது என்று தெரியும். இருந்தாலும் அந்த வருசம் எங்களுக்கும் கொஞ்சம் விளங்கியது.

மைனிங்கில் ஓடிய கார்டில் சிப் பெரும்பாலும் சுகமாக இருக்கும். குறைந்த மின்னழுத்தத்தில் ஒரே சீராக ஓடியது. தேய்ந்திருப்பது விசிறியும், நினைவகத்தின் மேல் இருக்கிற வெப்பப் பட்டையும். இரண்டும் மாற்றக்கூடியவை. எங்கட ஊரில் வேறொரு எதிரி இருக்கிறது: உப்புக் காற்று. பருத்தித்துறை, காரைநகர்ப் பக்கம் கடலோரத்தில் ஜன்னல் திறந்த அறையில் இரண்டு வருசம் நின்ற கார்டை விட, மூடிய அறையில் மைனிங் செய்த கார்ட் சுத்தமாக இருக்கக் கண்டிருக்கிறேன். பின்பக்க உலோகத் தகட்டில் துரு, ஆணிகளில் வெள்ளைப் பூப்பு இருந்தால் வைத்துவிட்டு வாங்கோ. மற்றபடி பாவிச்ச கார்ட் எதுவானாலும் ஓடவிட்டுப் பார்க்காமல் காசு கொடுக்காதேங்கோ. ஜிபியு-செற்றைத் திறந்து கோர் எண்ணிக்கையைப் பாருங்கோ, பிறகு ஃபேர்மார்க் போட்டு ஒரு இருபது நிமிசம் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருங்கோ. திரையில் புள்ளி விழுந்தால், விசிறி கரகரத்தால் எழும்புங்கோ. விற்பவர் இருபது நிமிசம் பொறுக்கமாட்டார் என்றால் அதுவும் ஒரு பரிசோதனை முடிவுதான்.

இப்போது சாதாரண பெரிய பெட்டியும், நல்ல பவர் சப்ளையும் இருப்பவர்களுக்கு. நல்லது என்றால், கேசோடு சும்மா வருகிற "500 வாட்ஸ்" ஸ்ரிக்கர் இல்லை. தூக்கிப் பார்த்தால் பாரமாக இருக்கவேணும், பெயர் தெரிந்த கம்பனியாக இருக்கவேணும். எங்கட வீடுகளில் வோல்ற்றேஜ் ஏறி இறங்குகிற விதத்துக்கு இதில் மட்டும் மிச்சம் பிடிக்காதேங்கோ. யூபிஎஸ்-உம் அப்படித்தான்: 650 விஏ என்று எழுதியிருப்பது பெரும்பாலும் 360 வாட்ஸ்தான் கொடுக்கும். கேம் நடுவில் கரண்ட் போனால் சேவ் பண்ணி நிற்பாட்ட சில நிமிசம் கிடைக்கும். அதற்காகத்தான் அது.

அவர்களுக்கு என் பதில் யூரியூப்காரரின் பதிலேதான்: பாவிச்ச ஆர்எக்ஸ் 6600. ஆனால் காரணம் வேறு. 132 வாட்ஸ்தான், ஒரேயொரு 8 பின் வயர் போதும், 8 ஜிபி, 8 வழி என்றபடியால் மூன்றாம் தலைமுறை ஸ்லொட்டிலும் பெரிதாகத் தளராது. வேகத்தில் 3050 8 ஜிபியை விடத் தெளிவாக முன்னால். 580 கேட்பது 185 வாட்ஸ். தினம் நாலு மணித்தியாலம் விளையாடினால் மாசம் ஆறு யூனிற் அளவு வித்தியாசம். சின்ன எண்தான். ஆனால் எங்கட கரண்ட் பில் யூனிற் கூடக்கூட விலையும் ஏறுகிற படிக்கட்டு. அந்த ஆறு யூனிற் உங்களை அடுத்த படிக்குத் தள்ளினால், கேம் விளையாடினது ஆரென்று வீட்டில் விசாரணை வரும்.

பாவிச்ச 1660 சூப்பர் கொஞ்சம் குறைந்த விலைக்கு வருமே என்று கேட்பீர்கள். 2024 வரை நானும் அதைத்தான் சொன்னேன். இப்போது சொல்லமாட்டேன். அந்த டிசம்பரில் வந்த இந்தியானா ஜோன்ஸ் கேமும், 2025 மேயில் வந்த டூம்: த டார்க் ஏஜஸ்-உம் றே ரேசிங் வன்பொருள் இல்லாத கார்டில் தொடங்கவே தொடங்காது. 1660 இல் அது இல்லை, 580 இல் இல்லை. 6600 இல் இருக்கிறது, 3050 இல் இருக்கிறது. ஓடும் அழகு வேறு கதை, கதவு திறக்கிறதா என்பதுதான் இங்கே கேள்வி.

இன்டெலின் ஆர்க் கார்டுகள் விலைக்கு நல்ல சாமான். பி580 இல் 249 டொலருக்கு 12 ஜிபி கொடுத்தார்கள், மற்ற இரண்டு கம்பனிக்கும் அது நல்ல அடி. ஆனால் அவற்றுக்கு ரீசைசபிள் பார் என்ற வசதி உள்ள மதர்போர்ட் வேணும், அதாவது இன்டெலில் பத்தாம் தலைமுறை, ஏஎம்டியில் ரைசன் 3000 அல்லது மேல். பழைய புரொசசரோடு பி580 தன் வேகத்தில் நல்ல பங்கை இழக்கிறது என்பதும் சோதனைகளில் வந்துவிட்டது. மலிவான கார்ட் விலையான மெசின் கேட்கிறது. எங்களுக்கு இன்னும் இல்லை.

ஒரு இடத்தில் மட்டும் 6600-ஐக் கைவிடச் சொல்வேன். கலியாண வீடியோ எடிற் செய்கிறவர்கள், குறும்படம் செய்கிறவர்கள், பிளெண்டர் படிக்கிறவர்கள். யாழ்ப்பாணத்தில் இந்தக் கார்ட் பலருக்குப் பகலில் சோறு, இரவில்தான் கேம். அந்த மென்பொருள்களில் பல என்விடியாவின் குடா என்ற முறையைத்தான் நன்றாகப் பிடித்துக்கொள்ளும் (குடாநாட்டுக்கும் இதுக்கும் தொடர்பில்லை). அப்படியென்றால் பாவிச்ச ஆர்ரிஎக்ஸ் 3060 12 ஜிபி தேடுங்கோ. கேமில் 6600-க்குக் கிட்டத்தான், ஆனால் பெரிய ரைம்லைனைத் திறக்கும்போது 12 ஜிபியின் அருமை தெரியும். 170 வாட்ஸ் கேட்கும். "கேம் விளையாட" என்று வீட்டில் காசு கேட்கமுடியாத ஆக்களுக்கு, "வேலைக்கு" என்று சொல்லக்கூடிய கார்டும் இதுதான். நான் அப்படித்தான் சொன்னேன். முதல் மூன்று கலியாணத்தில் கார்டின் காசு வந்துவிட்டது, அதனால் அது பொய்யும் இல்லை.

கார்டே வேண்டாம் என்பதும் ஒரு பதில். வலரன்ட் மட்டும்தான் விளையாடப் போகிறீர்கள் என்றால், இன்டெல் எச்டி 4000 இலேயே அது தொடங்கும் என்று கம்பனியே ஒருகாலம் எழுதியிருந்தது. ரைசன் 5 5600ஜி ஒன்றோடு 8 ஜிபி ராம் இரண்டு துண்டு (ஒரு 16 போடாதேங்கோ, இரண்டாகப் போட்டால்தான் உள்ளே இருக்கிற கிராபிக்ஸுக்கு மூச்சு வரும்) வலரன்டுக்கும் ஜீரிஏ 5-க்கும் தாராளமாகக் காணும். நீங்கள் செத்துச் செத்து விழுவது பிரேம் குறைந்து இல்லை, மும்பாய் சேவருக்குப் போய்வருகிற பிங்காலும், பெரும்பாலும் உங்கட குறியாலும்தான். அதற்குக் கார்ட் விற்பதில்லை. என்ன, இப்போது ராம் விலை ஏறியிருக்கிற ஏற்றத்துக்கு இதுவும் முந்தி மாதிரி மலிவு இல்லை. ஏஐ காரர் எல்லாச் சிப்பையும் அள்ளுகிறார்கள். மைக்ரோன் கம்பனி குறூசியல் பெயரில் எங்களுக்கு விற்றுவந்த ராமையே கைவிடுகிறோம் என்று 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது.

சாவகச்சேரித் தம்பிக்கு நான் சொன்னது அவனுக்குப் பிடிக்கவில்லை. உன்ர பெட்டிக்குள் போகிறது 3050 6 ஜிபி மட்டும். அதற்குக் காசு காணும். ஆனால் அந்த மெசின் விண்டோஸ் 11-க்குத் தகுதி இல்லாதது, விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 ஒக்ரோபரில் முடிந்தது. பவர் சப்ளையை மாற்றலாம் என்றால் டெல் மதர்போர்டின் வயர் வேறு அளவு, தனி அடப்ரர் வேணும், சின்னப் பெட்டிக்குள் சாதாரண பவர் சப்ளை இருக்கவும் மாட்டாது. என்னைக் கேட்டால் கார்டுக்கு ஒரு சதமும் செலவழிக்காதே, அந்த மெசினை வித்துப்போட்டு, கிடைக்கிற காசையும் 80 ஆயிரத்தையும் சேர்த்து ஒரு பாவிச்ச ரைசன் பெட்டி வாங்கு, கார்டைப் பொங்கலுக்கோ வருசத்துக்கோ பிறகு பார்.

"அப்ப இன்னும் ஆறு மாசம் கேம் இல்லையோ அண்ணை?"

"5600ஜி கிடைச்சால் இருக்கு."

இரண்டு நாள் சத்தம் இல்லை. கோபம் போல என்று நினைத்தேன். மூன்றாம் நாள் ஒரு விளம்பரத்தின் படம் அனுப்பினான். "ஜீரிஎக்ஸ் 1050 ரிஐ, 8 ஜிபி, பிராண்ட் நியூ". 1050 ரிஐ-இல் 8 ஜிபி என்று ஒன்றை என்விடியா விட்டதே இல்லை. அதைச் சொல்லத் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே அடுத்த படம் வந்தது. விற்பவரிடம் கேட்டு வாங்கிய கார்டின் பின்பக்கம். நீலத் துளையைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டிருந்தான்.